எந்தக் கோயில், எந்தச் சபை?

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் கிறிஸ்தவக் கல்யாணம் பேசும்போது சாதி, சம்பளத்தோடு இன்னொரு கேள்வியும் எழும்: "பையன் வீடு ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேவா?" கும்பிடுவது ஒரே இயேசுவைத்தானே, இதில் என்ன வித்தியாசம் என்று அக்கம்பக்கத்தார் கேட்பது நியாயமான கேள்வி.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் கிறிஸ்தவர்கள் 78,550 பேர். நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல். இவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள், அதாவது ஆர்.சி. பிரெஞ்சு ஆட்சியோடு வந்தவர்கள் கத்தோலிக்கப் பாதிரியார்கள் என்பதுதான் காரணம். முதலில் கப்புச்சின், இயேசு சபையினர். 1776 முதல் பாரிஸ் வெளிநாட்டு மறைபோதக சபையார். புதுச்சேரி 1886இல் உயர்மறைமாவட்டம் ஆனது.

வில்லியனூர் லூர்து மாதா கோயில் அந்தச் சபையாரின் காலத்தில் எழுந்ததுதான். பிரான்சில் லூர்து நகரத்துக் குகையில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்படுவது 1858இல். இருபது வருடம் ஆவதற்குள், 1877இல், அந்த மாதாவின் சுரூபம் கப்பலேறி வில்லியனூருக்கு வந்துவிட்டது. 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் அனுமதியோடு அதற்கு முடிசூட்டினார்கள். கோயிலுக்கு எதிரே படிக்கட்டோடு ஒரு குளம். லூர்து ஊற்றுநீரைக் கொண்டுவந்து அதில் கலந்திருக்கிறார்கள். ஈஸ்டரை அடுத்து கொடியேறும், நவநாள் நடக்கும், கடைசியில் தேர்பவனி. குளம், கொடி, தேர் மூன்றும் இந்த ஊருக்குப் புதிதல்ல. அதே வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேரை ஆளுநரே வந்து வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற வருகிறவர்களில் நெற்றியில் திருநீறு பூசியவர்களும் உண்டு. யாரும் அவர்களைத் தடுப்பதில்லை. இந்த மண்ணில் கத்தோலிக்கம் வேர்பிடித்ததற்கு இந்தப் பழகிய முகமே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

சீர்திருத்தச் சபைகளுக்கு இங்கே வேறு கதை. பாகூருக்குத் தெற்கே தென்பெண்ணை ஆறு. அதைத் தாண்டினால் அன்றைய ஆங்கிலேயரின் கடலூர். சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் அங்கேதான். சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து உருவானது. இவர்களுக்கு மாதா மரியாதைக்குரியவர். ஆனால் அவரிடம் வேண்டுதல் வைப்பதில்லை. கோயிலில் சுரூபம் இருக்காது. ஆர்.சி. விவிலியத்தில் 73 நூல்கள் என்றால் இவர்களுடையதில் 66.

பெந்தெகொஸ்தே சபைகள் இருபதாம் நூற்றாண்டில் வந்தவை. கூரைக் கொட்டகையிலோ வாடகை வீட்டு மாடியிலோ சபை தொடங்கிவிடும். கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவதை இவர்கள் ஞானஸ்நானமாக ஏற்பதில்லை. வளர்ந்து, விசுவாசித்து, தண்ணீரில் முழுகி எழ வேண்டும். சென்னை இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் போன்றவற்றில் நகை அணிவதில்லை; ஊழியர்கள் வெள்ளுடையில், மணம் முடிக்காமல், விசுவாச வீடு எனப்படும் சபை இல்லத்தில் தங்குவார்கள். அதனால்தான் ஆர்.சி. பெண்ணை அந்தச் சபைக்குக் கொடுக்கும்போது தாலி கட்டலாமா, கூடாதா என்பதிலேயே பேச்சு இழுபடுகிறது.

அன்றாடத்தில் விசுவாசம் எப்படி இருக்கிறது? ஆர்.சி. வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றி ஜெபமாலை சொல்வார்கள். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் வீடு மாற்றி வீடு நடக்கும். சாம்பல் புதனில் தொடங்கும் தவக்காலத்தில் கறி, மீன் விலக்குவார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆகஸ்டு கடைசியில் கடலூர் சாலையில் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியே காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கலாம். பெந்தெகொஸ்தே வீட்டில் இவை எதுவும் இல்லை. அங்கே உபவாச ஜெபம், பரிசுத்த ஆவிக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டம், ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுதல்.

ஆர்.சி.யிலிருந்து பலர் அங்கே போவதற்குக் கொள்கை மட்டும் காரணமல்ல. பங்குச் சாமியாருக்குப் பல ஊர்களைப் பார்க்கும் பொறுப்பு. பாஸ்டரோ அதே தெருவில் குடியிருப்பவர். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தார் என்றால் ராத்திரி பத்து மணிக்கும் வந்து முழங்காலிட்டு ஜெபிப்பார். கஷ்டத்தில் இருக்கும் பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை. பூசையில் வாய் திறக்காதவரால், சபையில் எழுந்து நின்று தன் கதையைத் தானே சொல்ல முடிகிறது.

சபைப் பிரிவுகளை விட ஆழமான பிரிவு சாதி. அதைச் சொல்லாமல் இந்த விளக்கம் முழுமையாகாது. புதுச்சேரியின் பேராலயமான சம்பா கோயிலுக்குள் தலித் மக்களைத் தனியே உட்கார வைக்க ஒரு சுவர் இருந்தது. 1745இல் அவர்களே பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது. அக்காலத்தில் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். சுவர் போய்ச் சுமார் இருநூற்றெண்பது வருடம் ஆகிறது. பிரிவினை போகவில்லை. கல்லறையில் தனிப்பகுதி, தேர் எந்தத் தெருவுக்குள் வரும் என்ற தகராறு எல்லாம் தமிழ்நாட்டு மறைமாவட்டங்களில் இன்றும் கேட்கிற சங்கதிகள்.

சட்டமும் தன் பங்குக்கு ஒரு சுவரை வைத்திருக்கிறது. புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி, இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது. அதே காலனியில், அதே வேலை பார்த்து, அதே அவமானத்தைச் சுமக்கும் இரண்டு குடும்பங்களில், ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பிள்ளைக்கு எஸ்.சி. சான்றிதழ் இல்லை. இந்த நிபந்தனையை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். நிபந்தனை நீங்காததால், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்விட்டு, பள்ளிக்கூட விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் 'இந்து' என்று எழுதுகிற பெற்றோரை யாரும் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது. பிள்ளையின் படிப்புக்கும் தங்கள் விசுவாசத்துக்கும் நடுவே அவர்களை நிறுத்தியது அந்த ஆணைதான்.