இலைவாய்

இலையின் தோலிலே உள்ள நுண்ணிய திறப்பைத் தமிழகத்தார் இலைத்துளை என்பர். ஈழத்துப் பாடநூல்கள் இலைவாய் என்று வழங்குகின்றன. தமிழ் கற்பிக்கும் தொழிலுடையேனாதலின், இவ்விரு சொற்களுள் எது பொருந்துவது என்று ஆராயப் புகுந்தேன். சொல்லிலே தொடங்கிய ஆராய்ச்சி வயலிலே சென்று முடிந்தது.

துளை என்பது இட்டது இட்டபடியே இருப்பது. வாயோ திறப்பதும் மூடுவதும் உடையது. இலையிலுள்ள திறப்பு எவ்வினத்தது? நுணுக்குக்காட்டியால் நோக்கின், ஒவ்வொரு திறப்பின் இருமருங்கிலும் உதடுகள் போன்ற இரு காவற்கலங்கள் தோன்றும். அவை நீரேறி விம்மும்போது வாய் திறக்கும் என்றும், தளரும்போது மூடும் என்றும் 1856 ஆம் ஆண்டிலே செருமானிய அறிஞர் ஊகோ வொன் மோல் விளக்கினார். சாள்ஸ் டார்வினின் மைந்தரான பிரான்சிஸ் டார்வின், மெல்லிதாகச் சீவிய கொம்புத் துண்டை இலைமீது வைத்து, அது ஈரம்பட்டு வளையும் அளவுகொண்டு இலைவாயின் நிலையை அறிந்தார். அவ்வாய்வு 1898 இல் வெளிவந்தது. மேனாட்டார் கிரேக்கத்திலிருந்து எடுத்தாளும் பெயருக்கும் வாய் என்பதே பொருள். ஆகவே, இலைவாய் என்பதே தக்க பெயர் எனத் துணிந்தேன்.

இவ்வாய்க்குத் தொழில் மூன்று. உணவாக்குதற்பொருட்டுக் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொள்ளுதல் ஒன்று. நீராவியை வெளிவிடுதல் மற்றொன்று. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 90 பங்கினும் மிகுதி இவ்வாறே வெளியேறுகின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் இலையினின்றே கவரப்படுதலால் இலை குளிர்கின்றது. இது மூன்றாந் தொழில்.

வெயில் கடுகும்போது இம்மூன்றும் தம்முள் முரண்படும். வாய் திறந்தால் உணவும் குளிர்ச்சியும் உண்டு, நீர் போய்விடும். மூடினால் நீர் நிற்கும். பசியும் சூடும் வந்து சேரும். நிலத்தில் ஈரம் உளதாயின், வெப்பம் ஏற ஏற வாய் அகலத் திறக்கும். ஈரம் வற்றின், அப்சிசிக் அமிலம் என்னும் சுரப்பு ஏவ, வாய் மூடிக்கொள்ளும். குளத்து நீரை நோக்கியன்றோ உழவன் வக்கடையைத் திறப்பதும் அடைப்பதும்? இலையும் அதுவே செய்கின்றது.

மட்டக்களப்பு வாவியின் கீழ்ப்புறம் எழுவான்கரை, மேற்புறம் படுவான்கரை. வேளாண்மை செழிப்பது படுவான்கரையிலே. அங்கே சிறுபோகப் பயிர் வளருங் காலத்தில், மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைச் சொரிந்துவிட்டு இறங்கும் கச்சான் காற்று வறண்டு வெம்மையுற்று வீசும். வறண்ட காற்று எப்பொழுதும் பகையன்று. அவுஸ்திரேலியாவின் ரிவரினாப் பகுதியிலே, நீர் பாய்ந்த நெல்வயலொன்றில், காற்றின் வெப்பநிலை 34.5 பாகையாக இருந்தபோது நெற்கதிரின் வெப்பநிலை அதனினும் ஏறக்குறைய 7 பாகை குறைந்திருந்தது. நீர் நின்றால் கச்சானும் விசிறியாகும். நீர் வற்றினால் அதுவே நெருப்பாகும்.

காற்றடங்கி, வாவியின் ஈரம் கலந்து புழுங்கும் நாள்களோ வேறு வகையின. காற்றிலே ஈரம் மிகுந்தால், வாய் திறந்திருப்பினும் நீர் விரைந்து ஆவியாவதில்லை, குளிர்ச்சியும் குறையும். வெப்பத்தோடு காற்றின் ஈரமும் மிகும்போது நெல்லிலே பதர் பெருகுகின்றது என்று, இலங்கை ஆய்வாளர் வீரக்கோன் ஜப்பானிய அறிஞர் இருவருடன் 2008 இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது.

பதர் என்பதை எம்மூரார் சப்பி என்பர். நெற்பூ முற்பகலிலே சிறிது நேரமே விரிவது. அவ்வேளையில் பூவின் வெப்பம் 35 பாகையைக் கடந்து ஒரு மணிநேரம் நின்றாலும் மகரந்தம் செவ்வனே சிந்தாது, மணி பிடியாது. உழவும் உரமும் கடனும் இட்டு வளர்த்த பயிரைச் சில முற்பகல்களின் வெயில் சப்பியாக்கிவிடும். பயிர் பச்சையாகவே நிற்பதால், அரிவி வெட்டுங் காலத்தை அணுகும்வரை இழப்புத் தெரிவதுமில்லை.

இங்கிலாந்தின் செபீல்ட் பல்கலைக்கழகத்தாரும் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் 2019 இல் ஒரு செய்தி வெளியிட்டனர். ஐ.ஆர். 64 என்னும் நெல்லிலே இலைவாய்களின் தொகையைக் குறைத்து வளர்த்தனர். அப்பயிர், முளைத்த நான்காம் வாரத்துக்கும் ஐந்தாம் வாரத்துக்கும் இடையே, வழக்கமான நீரில் 60 விழுக்காடே கொண்டது. காபனீரொட்சைட்டு மிகுந்த காற்றிலே வளர்த்தபோது, வறட்சியையும் 40 பாகை வெப்பத்தையும் ஏனைய பயிரினும் நெடிது தாங்கியது. முன்னரே மிச்சம் பிடித்த நீர் இடருற்ற காலத்தில் உதவிற்று என்பதே அதன் கருத்து.

அந்நெல் எம் வயலுக்கு வருமுன் அதன் பாடத்தை நாம் மேற்கொள்ளலாம். உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களில் நீர் குறைந்த ஆண்டிலே, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்னும் வினா எழும். நீரை விதைப்புக்கும் வளர்ச்சிக்கும் பங்கிட்டு, பூக்கும் வாரத்தை வானத்திடம் ஒப்படைத்தல் தகாது. பூக்காலத்துக்குரிய நீரை முதலிலே ஒதுக்கிவைத்து, எஞ்சிய நீருக்கு ஏற்ற பரப்பையே விதைத்தல் வேண்டும். பரப்புக் குறைந்ததே என்னும் மனக்குறை சில நாளில் ஆறும். கதிர் நிறையச் சப்பி கண்டவனுடைய கடனோ அடுத்த போகம் வரையும் ஆறாது.