எவ்வகைத் தொழில் முனைவராவது?

பிரித்தானியாவில் கடை திறக்க முனையும் நம்மவர் இடத்தையும் முதலையுமே முதலில் தேடுகின்றனர். எவ்வகைத் தொழில் முனைவராவது என்ற கேள்வி நட்டம் வந்த பின்னரே எழுகிறது.

தனி உரிமையாளருக்கு இலாபம் முழுவதும் உரியது, கடனும் அவ்வாறே. கடை நொடித்தால் சொந்த வீடும் கடன்காரர் கைக்குப் போகலாம்.

கூட்டாக நடத்துவோருக்கு, எழுத்தில் உடன்படிக்கை இல்லையெனில், 1890ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமே விதி. இலாப நட்டம் சமபங்கு. ஒருவர் கடைக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரும் பொறுப்பாளி. "நம்ம ஊரவன்தானே" என்ற நம்பிக்கை அங்கு உதவாது.

வரையறுத்த பொறுப்புள்ள கம்பனி வேறு, அதன் உரிமையாளர் வேறு. கிழக்கு இலண்டன் சப்பாத்து வணிகர் சாலமனின் வழக்கில் பிரபுக்கள் சபை 1896இல் இதனை உறுதிசெய்தது. ஆயினும் வங்கிக்குத் தனிப்பட்ட பிணை எழுதிக் கொடுத்தவர், அக்கடனளவில் அப்பாதுகாப்பை இழக்கிறார்.

தஞ்சக் கோரிக்கை முடிவுறாதோருக்கு இங்கு சுயதொழில் அனுமதி இல்லை என்பதையும் நினைவிற் கொள்வோம்.

சிறு முதலாயின் தனியே தொடங்கலாம். பெருங்கடன் வேண்டுமாயின் கம்பனியே தகும். நண்பருடன் சேர்வதாயின், நட்பு நன்றாயிருக்கும் போதே சட்டத்தரணி முன்னிலையில் உடன்படிக்கையை எழுதிக்கொள்வோம்.