தொகுதியின் புவியீர்ப்பு மையமும் கணினிவழி வடிவமைப்பும்

உடப்புக் கரையிற் கரைவலைத் தோணி புறப்படும் காட்சியைக் கண்டோர், வலையை ஏற்றுங்கால் தொழிலாளர் கொள்ளும் கவனத்தை அறிவர். சுமை ஒருபாற் சாயலாகாது. தோணி கடலில் வளைந்து செல்லச் செல்ல வலை சிறிது சிறிதாக நீரில் இறங்கும். தோணியின் நிறை குறையும். அந்நிறையின் நடுவிடமும் பெயரும். ஏட்டுக் கல்வி பெறாதாரும் கையாலும் காலாலும் கற்றுணர்ந்த இவ்வுண்மையே இயக்கவியலிற் புவியீர்ப்பு மையம் எனப் பெயர் பெறுகின்றது.

ஒரு பொருளின் முழு நிறையும் எப்புள்ளியூடாகத் தாக்குவதாகக் கொள்ளலாமோ, அப்புள்ளியே அதன் புவியீர்ப்பு மையமாம். பல உறுப்புக்கள் சேர்ந்த தொகுதிக்கு இதனைக் காணும் வழி எளிது. ஒவ்வோர் உறுப்பின் நிறையையும் அதன் மையத்தின் தூரத்தால் பெருக்கித் திருப்பங்களைக் கூட்டி, வந்த தொகையை மொத்த நிறையால் வகுத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கண்ணாடியிழைப் படகொன்றைக் கொள்வோம். அதன் உடல் 300 கிலோகிராம். உடலின் மையம் பின்பலகையிலிருந்து 2.6 மீற்றர் தூரத்தில் உள்ளது. பின்பலகையிற் பூட்டிய வெளியிணைப்பு இயந்திரம் 50 கிலோகிராம். அதன் தூரத்தைப் பூச்சியம் எனக் கொள்வோம். முன்புறத்தில் அடுக்கிய வலை 150 கிலோகிராம். தூரம் 4 மீற்றர். ஆட்களை இப்போதைக்கு விடுவோம். திருப்பங்களின் கூட்டுத்தொகை 780 + 0 + 600 = 1380. இதனை 500 ஆல் வகுக்க 2.76 மீற்றர் வரும். வலை முற்றும் கடலில் இறங்கியபின் 780 ஐ 350 ஆல் வகுக்க 2.23 மீற்றரே வரும். மையம் 53 சதமமீற்றர் பின்னோக்கிப் பெயர்ந்துவிட்டது. அணியம் உயர்ந்து பின்புறம் தாழும்.

இக்காலத்திற் படகு முதலியவற்றை வரையும் கணினி மென்பொருள்கள் இக்கணக்கை நொடிப்பொழுதிற் செய்து தருகின்றன. உறுப்பின் வடிவிலிருந்து கனவளவைக் கண்டு, அடர்த்தியாற் பெருக்கித் திணிவைப் பெற்று, நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று திசைகளிலும் மையத்தின் ஆள்கூறுகளைக் காட்டுகின்றன. ஆயின் கணினி அறிவது யாம் அறிவித்ததை மட்டுமே. இதனை மாணவர் மறத்தலாகாது.

முதலாவது, அடர்த்தி. பொருள் இன்னதென்று குறியாவிடின் சில மென்பொருள்கள் நீரின் அடர்த்தியாகிய கன மீற்றருக்கு 1000 கிலோகிராமையே கொள்ளும். உருக்கின் அடர்த்தியோ ஏறத்தாழ 7850. எனவே உருக்குத் துண்டொன்று தன் திணிவில் எட்டிலொரு பங்கினதாய்க் கணக்கில் நுழைந்துவிடும்.

இரண்டாவது, விலைக்கு வாங்கிப் பூட்டும் உறுப்பு. இயந்திரத்தின் வெளிக்கூட்டை மட்டும் வரைந்து வைத்தால் 50 கிலோகிராம் 5 கிலோகிராமாகிவிடும். அப்போது மேற்கூறிய படகின் மையம் 1380 ஐ 455 ஆல் வகுத்தது போல 3.03 மீற்றரில் நிற்கும். 27 சதமமீற்றர் பிழை! படமோ எவ்விதக் குறையுமின்றி அழகாகவே தோன்றும். இத்தகைய உறுப்புக்கு, செய்தோர் தந்த திணிவையும் மையத்தையும் நேரே எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, சுமையின் நிலை. வெறும்படகு, வலையேற்றிய படகு, மீனும் பனிக்கட்டியும் நிறைந்த படகு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

உயரத்தின் கணக்கு உயிரோடு தொடர்புடையது. படகு சரியும்போது நீரின் மேலுதைப்பு தாழ்ந்த பக்கத்துக்குப் பெயர்ந்து அதனை நிமிர்த்த முயலும். மையம் மிக உயர்ந்துவிடின் அம்முயற்சி தோற்கும், படகு கவிழும். 1628 இல் சுவீடனின் வாசா என்னும் போர்க்கப்பலுக்கு நேர்ந்தது இதுவே. புறப்படுமுன் 30 பேரைத் தளத்தின் குறுக்கே இருபுறமும் மாறிமாறி ஓடவிட்டுச் சோதித்தனர். கப்பல் அஞ்சத்தக்கவாறு ஆடவே சோதனையை நிறுத்தினர், பயணத்தை நிறுத்தினாரல்லர். ஆகஸ்ட் 10 ஆம் நாள் ஏறத்தாழ 1300 மீற்றர் சென்ற அளவில் அது மூழ்கியது. 2014 ஏப்ரல் 16 இல் தென்கொரியாவின் சேவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் மாண்டனர். மேற்றளங்களில் பின்னர்க் கட்டிய அறைகள் அதன் மையத்தை உயர்த்தியிருந்தன. முன்னதில் அளவுக் கருவி குறைவு. பின்னதில் அக்குறை இல்லை. இரண்டிலும் குறைந்தது பொறுப்பே.

ஆதலின் கணினியின் விடையைக் கையாற் சோதித்தல் நன்று. படகின் உடலை 6 மீற்றர் இடைவெளியில் இரு தராசுகளின்மேல் தாங்குக. பின்பலகையின்கீழ் 170 கிலோகிராமும் முன்னே 130 கிலோகிராமும் காட்டின், 130 ஐ 6 ஆற் பெருக்கி 300 ஆல் வகுக்க 2.6 மீற்றர் வரும். திரையில் வந்த எண்ணும் இதுவாயின் நம்புக. அன்றேல் வரைபடத்திற் பிழையைத் தேடுக.

புத்தளம் களப்பிலும் கற்பிட்டிக் கடலிலும் செல்லும் படகுகளில் எம் மாணவரின் தந்தையரும் தமையன்மாரும் உளர். நாளை அப்படகுகளை வரையப்போகும் மாணவர், திரையிற் புள்ளி தோன்றியதும் ‘இதற்குள் எவற்றின் நிறை சேர்ந்தது, எது விடுபட்டது?’ என ஒருமுறை வினவுவாராக. விடை கணினியின் வேலை. வினா மனிதரின் கடமை.