ரத்தக்கட்டுக்கு வயது சொன்ன காலம்

எம்.பி.பி.எஸ். படித்தவர்களை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்: அடிபட்டதும் சிவப்பு, 3 நாள் வரை நீலம், 4ஆம் நாள் கருநீலமும் பழுப்பும், 5, 6இல் பச்சை, 7 முதல் 12 வரை மஞ்சள், 2 வாரத்தில் தோல் பழையபடி. சட்ட மருத்துவத் தேர்வில் மார்க் வாங்கித் தரும் பட்டியல். அதையே சாட்சிக் கூண்டிலும் ஒப்பித்த காலம் இருந்தது. “நீலம் என்கிறீர்கள், அப்படியானால் செவ்வாய்க்கிழமை விழுந்த அடிதானே?” என்று வக்கீல் கேட்பார். டாக்டர் ஆமாம் என்றால், செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் இருந்தவர் மாட்டிக்கொள்வார்.

பட்டியலின் வேதியியலில் குறையில்லை. தோலுக்கடியில் கசிந்த ரத்தத்தின் ஹீமோகுளோபின் சிதைந்து பச்சை நிற பிலிவெர்டினாகும், அது மஞ்சள் நிற பிலிருபினாகும். இரும்பு பழுப்பாகத் தங்கும். இதெல்லாம் எந்த நாளில் கண்ணுக்குத் தெரியும் என்பதில்தான் வம்பு. எவ்வளவு ரத்தம், எவ்வளவு ஆழம், தொடையா கண்ணிமையா, அடிபட்டது குழந்தையா கிழவரா என்று ஒவ்வொன்றும் நாளை முன்னே பின்னே தள்ளிவிடும்.

எப்போது அடிபட்டது என்று தெரிந்த ரத்தக்கட்டுகளை, 10 வயது முதல் 100 வயது வரை உள்ளவர்களிடம் படமெடுத்து, லாங்லாய்ஸ், கிரெஷாம் என்ற இரு மருத்துவர்கள் இங்கிலாந்தில் ஆராய்ந்தார்கள். 1991இல் வெளியான அந்த ஆய்வில் தேறியது ஒரே வரி: மஞ்சள் தெரிந்தால், அடிபட்டு 18 மணி நேரமாவது ஆகியிருக்கும். மஞ்சள் தெரியாவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. சிவப்பும் நீலமும் ஊதாவும் முதல் ஒரு மணி நேரத்திலேயே வரலாம், மறையும் வரையும் இருக்கலாம். அந்த ஒரு வரிக்கும் பிறகு ஆபத்து வந்தது. மஞ்சளைக் கண்டுகொள்ளும் திறனே ஆளுக்கு ஆள் மாறுகிறது, வயதாக ஆகக் குறைகிறது என்று 2004இல் இன்னொரு ஆய்வு சொன்னது. மாநிறத்திலும் கறுப்பிலும் மஞ்சளை எங்கே போய்த் தேடுவது என்பது தனிக் கேள்வி. நம் பாடநூல்கள் அதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

நாள் குறிக்கும் தெம்பு போனதில் துறைக்கு நஷ்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. கவனம் நிறத்தை விட்டு வடிவத்துக்கும் இடத்துக்கும் திரும்பியது. லத்தி அடியைப் பாருங்கள். தோலில் தண்டவாளம்போல இரண்டு சிவந்த கோடுகள், நடுவே வெளிறிய பட்டை. கம்பு அழுத்திய இடத்து ரத்தம் பக்கவாட்டில் ஒதுங்க, விளிம்பில் உள்ள நுண்குழாய்கள் இழுபட்டுக் கிழிகின்றன. எதனால் அடித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்; எப்போது என்பதற்கு இது பதில் சொல்லாது. இடமும் சில சமயம் ஏய்க்கும்: நெற்றியில் விழுந்த அடியின் ரத்தம் மறுநாள் கண்ணைச் சுற்றி இறங்கி நிற்கும். குழந்தைகள் விஷயத்தில் இடம் இன்னும் முக்கியம். நடக்கும் குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் கன்றிப்போவது சகஜம். 4 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து என்றால் விசாரிக்க வேண்டும். இன்னும் புரளவே தெரியாத கைக்குழந்தைக்கு எங்கே இருந்தாலும் விசாரிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பாடநூல்களில் மாறாமல் நிற்பது சேங்கொட்டை. சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறிபோடப் பயன்படுத்திய அதே கொட்டை. எதிராளிமேல் பொய் கேஸ் போட, அதன் சாற்றைத் தடவிக்கொண்டு வருவதுண்டு. கன்றிய தோல்போலவே கருத்திருக்கும். ஆனால் ஓரத்தில் சிறு கொப்புளம், அடங்காத அரிப்பு. கைக்கு எட்டிய இடத்தில் மட்டும் இருக்கும், தடவிய விரல் நுனியிலும் இருக்கும்.

இப்போது விவரம் தெரிந்த டாக்டர் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் அளவு, இடம், வடிவம், நிறம், வீக்கம், தொட்டால் வலி ஆகியவற்றை எழுதி, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுக்கிறார். வசதியுள்ள இடங்களில் 415 நானோமீட்டர் ஊதா ஒளியும் மஞ்சள் கண்ணாடியும் உண்டு. கறுப்புத் தோலில் வெறுங்கண்ணுக்குப் படாத ரத்தக்கட்டுகூட அதில் தெரியும், மச்சமும் சேர்ந்து தெரிந்து குழப்பும். ஆனாலும் காயச் சான்றிதழில் ‘காயத்தின் வயது’ என்று கேட்கும் வழக்கம் போகவில்லை. போலீசுக்கு அது வேண்டும், வக்கீலுக்கும் வேண்டும்.

போலீஸ் காவல் வழக்குகளில்தான் இது உயிர்போகும் கேள்வி. கைதுக்கு முந்தைய காயமா, ஸ்டேஷனில் விழுந்த அடியா? டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சொன்ன வழி நிறத்தை நம்பவில்லை. கைதானவர் கேட்டால் அப்போதே உடலைப் பார்த்துக் காயங்களைக் குறிக்க வேண்டும், பிறகு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றது. முதல் ஏட்டில் இல்லாதது இரண்டாவதில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியது காவலில் வைத்தவர்கள். அதிலும் ஒரு சந்து உண்டு: ஆழத்தில் கசிந்த ரத்தம் தோலுக்கு வர ஓரிரு நாள் ஆகலாம். எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு இது நன்றாகவே தெரியும். முதல் பரிசோதனையில் டாக்டர் அந்த இடத்தை அமுக்கி, வலி இருந்ததா இல்லையா என்று எழுதினாரா என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.