சாட்டிக் கரையும் முகத்துவாரக் கற்களும்

களப்பின் வாயை மணல் அடைத்துவிட்டால் வள்ளம் வெளியே போகாது. அப்போது தொழிலாளர் கேட்பது நியாயமானது: இரு பக்கமும் கல் போட்டு முகத்துவாரத்தைத் திறந்து வையுங்கள். போட்டால் வழி ஆழமாகும். வற்றும் தண்ணீர் ஒடுங்கிய வாயால் விசையாகப் பாய்ந்து மணலைத் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் அந்த மணல் அடுத்த ஊர்க் கரைக்குப் போய்ச் சேர இருந்த மணல்.

அலை சரிவாக வந்து விழுவதால் மணல் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே கல்லணை நீண்டால் ஒரு பக்கம் மணல் மேடாகும். மறுபக்கத்துக்கு வரவு நின்றுவிடும், அலை மட்டும் நிற்காது. அங்கே கடலரிப்பு தொடங்கும். அதைத் தடுக்க அங்கும் கல் போட்டால், அரிப்பு அதற்கடுத்த கரைக்குப் போகும்.

கிழக்குக் கரையின் ஒலுவிலில் இதைக் கண்ணால் பார்த்தோம். அது களப்பு வாயல்ல, துறைமுகம். ஆனாலும் கடலுக்குள் நீட்டிய அலைத்தடுப்பு அணைகள் செய்யும் வேலை ஒன்றுதான். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் வடக்கு நோக்கிப் போகும். அதனால் தெற்கே மணல் சேர்ந்தது, துறைமுக வாயும் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் தென்னந்தோப்புகளும் கரைவலை இழுக்கும் இடங்களும் கடலுக்குள் போயின. துறைமுகமும் சரியாக இயங்கவில்லை, கரையும் மிஞ்சவில்லை. இழந்தவர்கள் அந்தத் திட்டத்தைக் கேட்டவர்கள் அல்லர் என்பதே எனக்கு ஆறாத கோபம்.

வேலணையின் சாட்டிக் கரைக்கு இது ஏன் முக்கியம்? இங்கே மணல், குளிக்க வருவோருக்கான கரை மட்டுமல்ல. மணலிலும் சுண்ணக்கல்லிலும் தேங்கும் மழைநீர்தான் சாட்டிக் கிணறுகளின் நன்னீர். தீவகத்தின் மற்ற ஊர்களுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. கரை உள்வாங்கினால் உவர் அந்தக் கிணறுகளை நெருங்கும். லொறியில் அள்ளும் மணலும் அதே இழப்புத்தான். சோளகக் காற்று அள்ளிய மணலை வாடைக் காற்று திருப்பித் தரக்கூடும். நடுவே கல் நின்றால் தராது. ஆகவே இரண்டு காற்றுக் காலத்திலும் மணல் நகர்வை அளக்காமல் வரையும் எந்தத் திட்டத்தையும் ஏற்கக் கூடாது.

சட்டம் நமக்கு இடம் தருகிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர் மட்டத்திலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் கல்லணை கட்டவும் மணல் அள்ளவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்பது கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் தீர்மானம், தானாக வராது. எனவே கடற்றொழிலாளர் சங்கமும் ஊரவரும் அதைக் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். அறிக்கை வந்தால் அறிவித்தல் வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் யாரும் கருத்துச் சொல்லலாம். அங்கே ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: தேங்கும் மணலை மறுபக்கத்துக்கு யார், யார் செலவில், எத்தனை வருடம் மாற்றுவார்கள்? அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் முகத்துவாரத்தில் 1986 முதல் பம்பு வைத்து அதைத்தான் செய்கிறார்கள். கட்டும் செலவோடு அந்தச் செலவையும் சேர்க்காத திட்டம் முழுத் திட்டமல்ல.

வேலை சத்தமில்லாமல் தொடங்கிவிட்டதா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தின் பிரதியைத் திணைக்களத்திடம் தமிழிலேயே கோருங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலணைப் பிரதேச செயலகத்திலும் முறைப்பாட்டைப் பதிவு செய்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். கிணற்றுக் கட்டிலிருந்து அலைக்கரை வரை மாதாமாதம் நாடா பிடித்து அளந்து, திகதியோடு படம் எடுத்து வையுங்கள். இவை போதாமல் வழக்குக்குப் போக நேர்ந்தால், அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அரிப்போ மெல்ல வருவது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.