சாகவும் மூச்சு வேண்டும்

1996இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் ஷியாவோடாங் வாங்கின் குழு, மனிதச் செல்களின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, செல்லின் தற்கொலையைத் தூண்டும் பொருள் எது என்று தேடியது. அகப்பட்டது சைட்டோகுரோம் சி. 1925இல் கேம்பிரிட்ஜில் டேவிட் கீலின் சைட்டோகுரோம்களை விவரித்தது முதல், செல் மூச்சுவிட உதவுவது என்றே எல்லோரும் அறிந்திருந்த சிவப்புப் புரதம்!

செல்லுக்குள் மூச்சு நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அதன் உட்சவ்வில் உள்ள புரதத் தொகுதிகள், உணவிலிருந்து கிடைக்கும் எலெக்ட்ரான்களைக் கைமாற்றி ஆக்சிஜனிடம் சேர்க்கின்றன. அதில் வெளிப்படும் ஆற்றலில்தான், செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு உருவாகிறது. மூன்றாம் தொகுதியிடம் எலெக்ட்ரானை வாங்கி நான்காவதிடம் கொடுப்பது சைட்டோகுரோம் சி.

சாவுக்கான உத்தரவு வந்ததும் பேக்ஸ், பேக் என்ற புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வைத் துளைக்கின்றன. சைட்டோகுரோம் சி வெளியேறுகிறது. ஒளிரும் புரதத்தை அதனுடன் ஒட்டி 2000இல் கவனித்தபோது, கசிவு தொடங்கும் நேரம் செல்லுக்குச் செல் வேறுபட்டது. தொடங்கிவிட்டால் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்த சைட்டோகுரோம் சி ஏபாஃப்-1 புரதத்துடன் சேர்ந்து ஏழு ஆரச் சக்கரமாகிறது. புரதங்களை நறுக்கும் கேஸ்பேஸ் நொதிகளை முடுக்கிவிடுவது அந்தச் சக்கரம்தான்.

அப்படியானால் மூச்சு அப்போதே நின்றுவிடுமா?

இல்லை. கேஸ்பேஸ்களை மருந்தால் தடுத்துப் பார்த்தபோது, துளைபட்ட மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் மூச்சால் உருவாகும் மின்னழுத்தம் சற்றுச் சரிந்து மீண்டும் எழுந்தது. வெளியே பரவிய சைட்டோகுரோம் சி துளைகள் வழியே வந்துபோய்ப் பழைய வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சை உண்மையில் முறிப்பவை கேஸ்பேஸ்கள். அதே துளைகள் வழியே நுழைந்து, முதல் தொகுதியின் என்டியுஎஃப்எஸ்-1 என்ற பகுதியை வெட்டுகின்றன. 2004இல், வெட்டுப்படாதபடி மாற்றிய அதே புரதத்தைச் செல்களுக்குக் கொடுத்தார்கள். மின்னழுத்தமும் ஏடிபியும் நீடித்தன. செல்லின் வெளியுறை சிதைவதும் தள்ளிப்போனது.

கசிவுக்கும் மூச்சு முறிவதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி செல்லுக்குத் தேவை. ஏழு ஆரச் சக்கரம் பூட்டப்படவே ஏடிபியோ அதற்கு நெருங்கிய மூலக்கூறோ வேண்டும். 1997இல் ஏடிபியை முன்கூட்டியே வற்றவைத்த வெள்ளணுக்களுக்கு அதே சாவு உத்தரவைக் கொடுத்தபோது, அவை ஒழுங்காகச் சுருங்கிச் சாகாமல் வெடித்துச் சிதைந்தன. அப்படிச் சிதறும் செல் அக்கம்பக்கத்தில் அழற்சியைக் கிளப்பும்.

ஒரே புரதத்தின் இரு வேலைகளையும் பிரித்தே காட்டியது 2005இல் வந்த எலி ஆய்வு. சைட்டோகுரோம் சி-யின் 72ஆவது அமினோ அமிலத்தை மட்டும் மாற்றினார்கள். சுவாசத்துக்குக் குறையில்லை, ஏபாஃப்-1ஐத் தூண்டும் திறன் மட்டும் போய்விட்டது. பெரும்பாலான குட்டிகள் கருவிலோ பிறப்பையொட்டியோ இறந்தன. அவற்றின் மூளை வளர்ச்சி கோளாறாகியிருந்தது.