செருப்பைக் கழற்றினால் மட்டும் போதுமா?

ஜவ்வாது மலையில் சாமை அடிக்கும் களத்திற்குள் நுழையுமுன் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். ஏன் என்று கேட்டேன். "சோறு போடுற இடமாச்சே, ஐயா!" என்றார்.

பக்தி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பொருந்தும் விடை இது. ஆனால் அவருடைய மேட்டுக்காட்டில் இன்று பாறை தெரிகிறது. பாட்டன் காலத்தில் முழங்கால் ஆழம் மண் இருந்ததாம். "சாமி குத்தமா?" என்று கேட்டார். "இல்லை பெரியவரே, ஏர் ஓட்டிய திசை" என்றேன்.

மண்ணின் பெருமை

ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இதே மலையில், காவலூர் வானாய்வகத்தில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களை ஆராய்ந்து வருகிறது. சாமையிலும் நம் இரத்தத்திலும் உள்ள இரும்பு, சூரியன் பிறக்குமுன்பே விண்மீன்களில் உருவானது என்கிறது வானியல். மண்ணை வணங்க இதைவிட வேறு அதிசயம் தேவையில்லை.

மண் போகும் வழி

சரிவில் மேலிருந்து கீழாக உழுதால், ஒவ்வோர் உழவுசாலும் மழையில் ஓடையாகிவிடும். இம்மலையில் பிறக்கும் செய்யாற்றில் அந்த மண் கலந்து கீழே போகிறது. மலையில் விளைச்சல் குறையும். சமவெளியில் ஏரிகள் தூர்ந்துவிடும்.

செய்ய வேண்டியவை

* சரிவுக்குக் குறுக்கே உழவும்.

* சம உயர வரப்பு அமைக்கவும். மட்டம் பார்க்க, சம நீளமுள்ள இரு கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, இரண்டிலும் ஒரே உயரத்தில் குறுக்குக் கழி கட்டவும். உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிடவும். கயிறு குறுக்குக் கழியின் நடுவில் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. அந்தப் புள்ளிகளை இணைத்து, கிடைக்கும் கல்லைக் கொண்டே வரப்புப் போடலாம்.

* வரப்பின் மேல் வெட்டிவேர் நடவும்.

* சாமையைத் தூவாமல், சரிவுக்குக் குறுக்கே 25 செ.மீ. இடைவெளியில் வரிசையாக விதைக்கவும். ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும்.

விதைக்கும் ஆலோசனைக்கும் திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மகத்துவ மையத்தை அணுகலாம்.

களத்தில் செருப்பைக் கழற்றுவது நல்ல வழக்கம், விட வேண்டாம். அந்த மரியாதையைக் காட்டில் வரப்பாகவும் போட்டு வைத்தால், பேரனுக்கும் மண் மிஞ்சும்.